மலைப்பாதையில் வழித்தடம் அறுகிறது, குவாரிக்குள் வண்டியே காணோம்: 46 வண்டி டிராக்கிங் சிக்கல்

நாமக்கல்_லோடு

46 வண்டிகள். 22 ஆறு சக்கர லாரிகள் ஈரோடு, சத்தியமங்கலம், திம்பம் வழியா மைசூர் போய் வருது. மிச்சம் 24 டிப்பர், ஒரே கல்குவாரிக்குள்ள ஓடுது. டிவைஸ் இரண்டு வகை: பழசு ஜிடி06 புரோட்டோகால் பேசுற 2ஜி பெட்டி, புதுசு டெல்டோனிகா எஃப்எம்பி920. சர்வர் மென்பொருள் டிராக்கார், வாடகை மெஷின்ல ஓடுது.

சிக்கல்கள்:
1. பண்ணாரி தாண்டினதும் வழித்தடம் அறுந்து, மலையைக் குறுக்கால வெட்டி ஆசனூர் பக்கம் நேர்கோடு விழுது. சில வண்டியில கொஞ்ச நேரம் கழிச்சு விட்டுப்போன புள்ளிகள் மொத்தமா வந்து சேருது, சிலதுல வர்றதே இல்லை.
2. ராத்திரி நிக்கிற வண்டி 200, 300 மீட்டர் நகர்ந்த மாதிரி காட்டுது.
3. மூணு லாரி தினமும் ராத்திரி ஆஃப்லைன், காலையில தானா வந்துடும்.
4. குவாரிப் பள்ளத்துல டவரே இல்லை. வாக்கி டாக்கி மாதிரி ரேடியோ வச்சு லொகேஷன் அனுப்பலாம்னு ஒருத்தர் சொல்றார். சரியா வருமா?

---

பதினாறடிமானம்

முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. டிராக்காரின் பொசிஷன் டேபிளில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நேரங்கள் இருக்கும். ஒன்று டிவைஸ் அந்த இடத்தைப் பிடித்த நேரம், இன்னொன்று சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நெடுவரிசையாகப் போட்டு ஒரு ட்ரிப் முழுக்கப் பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்கு முக்கால்வாசி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

வித்தியாசம் 2, 3 நொடி: எல்லாம் சரி. வித்தியாசம் 40 நிமிடத்தில் ஆரம்பித்து வரிசையாகக் குறைந்துகொண்டே வந்தால்: காட்டுக்குள் டவர் இல்லை, டிவைஸ் சேமித்து வைத்துப் பிறகு கொட்டியிருக்கிறது. இதுவும் சரிதான், பழுது இல்லை. டிவைஸ் நேரத்திலேயே 40 நிமிட ஓட்டை இருந்தால் மட்டும்தான் கவலை. அப்போது புள்ளி பிடிக்கவே இல்லை, அல்லது பிடித்ததை வழியில் தொலைத்துவிட்டது.

செயற்கைக்கோளிலிருந்து இடம் பிடிக்க டவர் தேவையே இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். திம்பம் ஏற்றத்தில் 27 கொண்டை ஊசி வளைவிலும் வானம் ஓரளவு தெரிகிறது. பிடிப்பது பெரும்பாலும் நடக்கும். கொண்டு சேர்ப்பதில்தான் கோளாறு.

உங்கள் இரண்டு வகை டிவைஸும் இங்கேதான் பிரிகின்றன. ஜிடி06 புரோட்டோகாலில் லாகின் பாக்கெட்டுக்கும் ஹார்ட்பீட்டுக்கும் (‘இணைப்பில் இருக்கிறேன்’ என்று அவ்வப்போது அனுப்பும் சின்னப் பாக்கெட்) சர்வர் பதில் சொல்லும். சாதாரண லொகேஷன் பாக்கெட்டுக்குப் பதில் கிடையாது. வண்டி டவர் இல்லாத இடத்துக்குள் நுழையும்போது டிசிபி இணைப்பு உடனே அறுவதில்லை. உயிர் போன இணைப்பை உயிரோடு இருப்பதாக நினைத்து டிவைஸ் எழுதிக்கொண்டே போகும். மோடம் பஃபரில் விழுந்ததையே ‘அனுப்பியாச்சு’ என்று கணக்கு வைத்து நினைவகத்திலிருந்து அழித்துவிடும். அடுத்த ஹார்ட்பீட்டுக்குப் பதில் வராதபோதுதான் விழித்துக்கொண்டு சேமிக்க ஆரம்பிக்கும். ஹார்ட்பீட் இடைவெளி 5 நிமிடம் என்றால் இழப்பும் கிட்டத்தட்ட 5 நிமிடம்.

டெல்டோனிகா பேசும் கோடெக் 8 புரோட்டோகால் அப்படி இல்லை. டிவைஸ் முதலில் ஐஎம்இஐ என்ற தன் அடையாள எண்ணை அனுப்பும், சர்வர் 01 என்று ஒரே ஒரு பைட் பதில் தரும். பிறகு ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டுக்கும் ‘இத்தனை பதிவு வாங்கிக்கொண்டேன்’ என்று 4 பைட்டில் எண்ணிக்கை திரும்பி வரும். அது வந்து, எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் டிவைஸ் அழிக்கும். இல்லையென்றால் அதையே மறுபடி அனுப்பும். புள்ளிகள் தாமதமாக, ஆனால் முழுசாக வருவது உங்கள் எஃப்எம்பி920 வண்டிகளில், வராமலே போவது பழைய பெட்டிகளில் என்று பந்தயமே கட்டலாம். சரிபார்த்துச் சொல்லுங்கள்.

பழைய பெட்டியை மாற்ற முடியாதென்றால் ஹார்ட்பீட்டை 1 நிமிடத்துக்குக் குறையுங்கள். இழப்பு குறையும், முழுசாகப் போகாது.

---

நாமக்கல்_லோடு

பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே இருக்கு, விட்டுப்போறது எல்லாம் ஜிடி06 பெட்டிதான். ஆனா ரெண்டு வண்டியில வேற மாதிரி: எல்லாப் புள்ளியும் வருது, நேரம் மட்டும் 2 மணி 30 நிமிடம் தள்ளி நிக்குது. இன்னொரு பழைய பெட்டி தேதியே கிட்டத்தட்ட 20 வருஷம் பின்னாடி காட்டுது.

---

பதினாறடிமானம்

2.30 என்றால் டிவைஸுக்குள் சீன நேரம் இருக்கிறது. அது உலக நேரத்துக்கு 8 மணி முன்னால், நாம் 5.30 முன்னால். வித்தியாசம் 2.30. சரியாக 5.30 தள்ளி நின்றால் டிவைஸோ சர்வரோ இந்திய நேரத்தை இரண்டு முறை கூட்டுகிறது, அல்லது கூட்டவே இல்லை. டிவைஸில் எப்போதும் நேர மண்டலத்தைப் பூஜ்யம் வையுங்கள். இந்திய நேரமாக மாற்றுவது திரையில் மட்டும் நடக்கட்டும்.

20 வருடம் பின்னால் போவது வேறு கதை. ஜிபிஎஸ் வார எண் 10 பிட்டில் வருகிறது, 1024 வாரத்தில் சுற்றி மீண்டும் பூஜ்யமாகும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று சுற்றியது. பழைய ஃபர்ம்வேருக்கு (டிவைஸின் உள் மென்பொருள்) இது புரியாது, 1024 வாரம், அதாவது 19 வருடம் 7 மாதம் சொச்சம், பின்னுக்குப் போய்விடும். தயாரிப்பாளர் புது ஃபர்ம்வேர் தந்தால் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். சர்வரில் 1024 வாரத்தைக் கூட்டி ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். நல்ல டிவைஸுக்கும் சேர்த்துக் கூட்டிவிட்டால் அதைப் பிரித்தெடுக்க ஒரு வாரம் போகும்.

---

டவர்_மணி

சிம் பக்கம் யாரும் பேசலையே. முதல் சந்தேகம் எனக்கு அங்கேதான்.

உங்க ரெண்டு டிவைஸுமே 2ஜி. ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, அந்த சிம் போட்டா செத்த கட்டைதான். ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் இதுல எது திம்பம் மேல எங்கெங்க எடுக்குதுன்னு ஒரே வண்டியில மூணு சிம்மையும் மாத்தி மாத்திப் போட்டு ஓட்டிப் பார்த்தாதான் தெரியும். கம்பெனி வெளியிடுற கவரேஜ் வரைபடத்தைப் பார்த்து மலைக்காட்டுக்கு முடிவெடுக்கக் கூடாது.

அடுத்தது சாதாரண போன் சிம்மா, எம்டுஎம் (மெஷினுக்குன்னே தர்ற) சிம்மான்னு பாருங்க. எம்டுஎம் சிம் நம்பர் 13 இலக்கம் இருக்கும். போன் சிம்மை டிராக்கர்ல போட்டா ரீசார்ஜ் தேதி 46 வண்டிக்கும் 46 தேதியில வந்து நிக்கும், ஒண்ணு ரெண்டு எப்பவும் செத்துக்கிடக்கும். எம்டுஎம்ல ஒரே பில். ஆனா ஏபிஎன் (டேட்டா இணைப்புக்கான பெயர்) வேற, அதை டிவைஸ்ல மாத்தணும். எஃப்எம்பி920க்கு அளவுரு எண் 2001 ஏபிஎன், 2004 சர்வர் முகவரி, 2005 போர்ட். எஸ்எம்எஸ்ல அனுப்பும்போது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைக்கலைன்னா கட்டளைக்கு முன்னாடி ரெண்டு இடைவெளி விடணும். ஒரு இடைவெளி விட்டா பதிலே வராது, டிவைஸ் செத்துடுச்சுன்னு நெனச்சுடுவீங்க.

இன்னொண்ணு, மாநில எல்லை. ஆசனூர் தாண்டி கர்நாடகாவுக்குள்ள போறப்ப நெட்வொர்க் மாறும். டிவைஸ்ல ரோமிங் அணைச்சு வச்சிருந்தா சாம்ராஜ்நகர்லேருந்து மைசூர் வரைக்கும் மௌனம்தான். திரும்பி பண்ணாரி வந்ததும் எல்லாம் கொட்டும். மலையால வந்த ஓட்டை, ரோமிங்கால வந்த ஓட்டை ரெண்டும் மேப்ல ஒரே மாதிரி தெரியும். எங்க முடியுதுன்னு பாருங்க. மலை இறங்கினதும் சரியானா டவர், மைசூர் வரைக்கும் நீண்டா ரோமிங்.

டேட்டா பத்திக் கவலை வேண்டாம். 30 நொடிக்கு ஒரு புள்ளி, நாளுக்கு 12 மணி நேர ஓட்டம்னா 1440 புள்ளி. தலைப்பு, ஒப்புகை எல்லாம் சேர்த்து புள்ளிக்கு 200 பைட்டுன்னு தாராளமா வச்சாலும் நாளுக்கு 288 கிலோபைட், மாசம் 9 மெகாபைட்டுக்குள்ள. அஞ்சு புள்ளியை ஒரு பாக்கெட்டா அனுப்பினா இன்னும் குறையும்.

---

பியூஸ்_கேரியர்

மூன்றாவது கேள்வி என் ஏரியா. ராத்திரி ஆஃப்லைன், காலையில் தானாக வருவது என்றால் பாட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச்தான். டிரைவர் நல்ல பிள்ளையாக வண்டியை நிறுத்தியதும் மெயின் ஸ்விட்சைத் திருப்பிவிடுகிறார். டிராக்கர் வயர் ஸ்விட்சுக்கு அப்புறம் எடுத்திருக்கிறது. எஃப்எம்பி920க்குள் இருப்பது 170 மில்லி ஆம்பியர் மணி பாட்டரி, ராத்திரி முழுக்கத் தாங்காது. ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன், வண்டி டிராக்கருக்கான ஏஐஎஸ் 140 விதியே உள் பாட்டரிக்குக் குறைந்தது 4 மணி நேரம்தான் கேட்கிறது.

வயர் இப்படிப் போகணும்:

சிவப்பு நேராக பாட்டரியிலிருந்து, கட்-ஆஃப் ஸ்விட்சுக்கு முன்னால். பாட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 2 ஆம்பியர் பியூஸ். பியூஸை டாஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு பாட்டரியிலிருந்து அதுவரை வெறும் வயர் இழுக்காதீர்கள், சேஸிஸில் உரசினால் வயர்தான் எரியும்.

கறுப்பு பாட்டரி நெகட்டிவுக்கு. பெயிண்ட் அடித்த பாடியில் ஸ்க்ரூ போட்டு எர்த் எடுத்தால் மழைக்காலத்தில் துரு ஏறி, ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் டிவைஸ் ரீபூட் ஆகும். ஆனால் நெகட்டிவ் பக்கம் கட்-ஆஃப் இருக்கும் வண்டிகளும் உண்டு. அதில் கறுப்பும் ஸ்விட்சுக்கு முன்னால்தான் போகணும். எந்தப் பக்கம் ஸ்விட்ச் என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இக்னிஷன் வயர்: சாவி ஆன் நிலையிலும் ஸ்டார்ட் அடிக்கும் நொடியிலும் 24 வோல்ட் நிற்கும் வயராக இருக்கணும். ஸ்டீரியோவுக்குப் போகும் வயரில் எடுத்தால் ஸ்டார்ட் அடிக்கும்போது செத்து, ஒவ்வொரு ஸ்டார்ட்டும் இரண்டு ட்ரிப்பாகக் கணக்கில் ஏறும்.

நல்ல வயர் கிடைக்காத வண்டியில் வோல்டேஜை வைத்தே இக்னிஷன் கண்டுபிடிக்க விடலாம். நிற்கும் 24 வோல்ட் லாரியில் 25 சொச்சம், ஆல்டர்நேட்டர் ஓடினால் 27.5 முதல் 28.5. எல்லையை 26.5இல் வையுங்கள். எஃப்எம்பி920 தாங்கும் உச்சம் 30 வோல்ட். ரெகுலேட்டர் கெட்டு 31, 32 தள்ளும் பழைய லாரியில் அது பொசுங்கும். முதலில் ஆல்டர்நேட்டர் வோல்டேஜை அளந்துவிட்டு மாட்டுங்கள்.

‘ஜிபிஎஸ் பாட்டரியைக் குடிக்குது’ என்று டிரைவர் சொல்வார். சராசரி 50 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர் மணிதான். ரெண்டு நாளில் பாட்டரி இறங்கினால் கேபின் ஃபேனையும் ஆம்ப்ளிஃபையரையும் பாருங்கள்.

---

பதினாறடிமானம்

இரண்டாவது கேள்வி, நிற்கும் வண்டி நகர்வது. மாலை 6 மணிக்கு மேல் லாரிகளை மலை ஏற விடாததால் உங்கள் வண்டிகள் பண்ணாரியில்தான் ராத்திரி நிற்கும் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் மலைச்சரிவு, சுற்றிலும் ஒட்டி நிற்கும் லாரி, மேலே மரம். நேராக வரும் அலையை விடத் தெறித்து வரும் அலை அதிகம். இடம் குதிக்கத்தான் செய்யும். இக்னிஷன் அணைந்திருந்தால் இடத்தை உறைய வைக்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள், ஜிடி06 பெட்டிகளுக்கு சர்வரின் வடிகட்டியில் அதையே செய்யலாம். இக்னிஷன் வயர் தப்பாக இருந்தால் இது பலிக்காது, அதனால் மேலே பியூஸ்_கேரியர் சொன்னதை முதலில் முடியுங்கள்.

பெட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். டாஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குக் கீழே, கண்ணாடிக்குப் பக்கத்தில், ஆன்டெனா முகம் வானத்தைப் பார்த்து இருக்கணும். தகரத்துக்குக் கீழே கூடாது. உலோகப் பூச்சுள்ள வெயில் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியும் சிக்னலைக் கொல்லும்.

கிலோமீட்டர் கணக்கிலும் அடிவாங்கியிருப்பீர்கள். நிற்கும்போது கூடும், கொண்டை ஊசியில் குறையும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறும் லாரி ஒரு நிமிடத்தில் 333 மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் வளைவு முழுக்கக் காணாமல் போய் இரண்டு பக்கமும் நேர்கோடாகிவிடும். நேரத்தைக் குறைக்காதீர்கள், திசை 15 டிகிரி திரும்பினால் ஒரு புள்ளி என்று வையுங்கள். ஈரோடு நேர்ச்சாலையில் புள்ளி குறையும், வளைவில் தானாகக் கூடும். கிமீ கணக்கில் டிரைவரோடு சண்டை வருவது பாதி இதனால்தான்.

---

அலைவரிசை_866

குவாரிக்கு வருவோம். வாக்கி டாக்கி யோசனை சொன்னவர் மனதில் இருப்பது 1200 பாட் பாக்கெட் ரேடியோ. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஏபிஆர்எஸ் என்று ஓட்டுவது அதுதான். அமெச்சூர் அலைவரிசையைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. தொழில் விஎச்எஃப் அலைவரிசை வேண்டுமென்றால் டபிள்யுபிசி (மத்திய அரசின் அலைவரிசை உரிமப் பிரிவு) உரிமம் வாங்கணும். 24 டிப்பருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் நம் நாட்டில் உரிமம் தேவையில்லாத பட்டை, டிரான்ஸ்மிட்டர் 1 வாட்டுக்குள் இருக்கணும். அதில் லோரா (குறைந்த சக்தியில் தூரம் போகும் சிறு டேட்டா ரேடியோ) போடுங்கள். மாட்யூல் வாங்கும்போது கவனம்: ரா-01 என்பது 433 பக்கத்துக்கானது. உங்களுக்கு வேண்டியது ரா-01எச், எஸ்எக்ஸ்1276 சிப் உள்ளது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆன்டெனா மாட்டாமல் ஒரு முறை அனுப்பினாலும் மாட்யூல் எரிந்துபோகும் அபாயம் உண்டு. கால் அலை நீளம் 866க்கு 8.65 செ.மீ. டிப்பர் கேபின் கூரையில் காந்த அடி ஆன்டெனா, தொட்டி தூக்கும்போது அடிபடாத மூலையில்.

பாக்கெட்டைச் சுருக்குங்கள். வண்டி எண் 1 பைட், அட்சம் 4, தீர்க்கம் 4, வேகம் 1, திசை 1, கொடிகள் 1. மொத்தம் 12. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இந்த 12 பைட் காற்றில் இருக்கும் நேரம்: லோராவின் பரவல் காரணி (கூட்டினால் தூரமும் நேரமும் கூடும்) 7இல் 41 மில்லி செகண்ட், 9இல் 144, 10இல் 289, 12இல் 1155. தூரம் போகட்டும் என்று எல்லோரும் 12ஐ வைத்துவிட்டு, பிறகு பாக்கெட் மோதுகிறது என்று அழுவார்கள். குவாரிக்கு 9 போதும்.

இப்போது மோதல் கணக்கு. 24 வண்டி, 30 நொடிக்கு ஒரு முறை, தலா 144 மில்லி செகண்ட். காற்று 11.5 சதம் நிரம்பும். ஆளாளுக்கு நினைத்த நேரத்தில் அனுப்பினால் கணக்குப்படி ஐந்தில் ஒன்று மோதிச் சாகும். ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் ஜிபிஎஸ் இருக்கிறதே, அதைவிட நல்ல கடிகாரம் எங்கே கிடைக்கும்? வண்டி எண் 1 என்றால் 30 நொடிச் சுற்றில் முதல் நொடி, 2 என்றால் இரண்டாவது நொடி. 24 வண்டிக்கு 24 நொடி, 6 நொடி மிச்சம். மோதல் போயே போச்சு. கடலில் கப்பல்களின் ஏஐஎஸ் கருவி இதே தந்திரத்தில்தான் ஓடுகிறது. அங்கே ஒரு சேனலில் நிமிடத்துக்கு 2250 இடம் பிரித்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு கண்ணி. ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் இப்போது 18 நொடி வித்தியாசம். அந்த 18 என்ற எண் 12.5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வானத்திலிருந்து வரும். நீண்ட நேரம் அணைந்திருந்த ரிசீவர் எழுந்ததும், அது வரும்வரை உள்ளே பதிந்திருக்கும் பழைய எண்ணை வைத்து நேரம் சொல்லும். அந்த வண்டி இரண்டு மூன்று நொடி தள்ளி அடுத்தவன் இடத்தில் போய் உட்காரும். காலையில் முதல் கால் மணி நேரம் மட்டும் மோதுகிறது என்றால் காரணம் இதுதான். நேரம் உறுதியாகிவிட்டது என்று ரிசீவர் சொல்லும்வரை அனுப்பாதே என்று எழுதுங்கள்.

கேட்வே, அதாவது வண்டிகளின் பாக்கெட்டை வாங்கும் பெட்டி, பள்ளத்தின் விளிம்பில், உள்ளே முழுசாகப் பார்க்கும்படி. ஒன்று போதாது. எதிரெதிர் விளிம்பில் இரண்டு. படிபோல வெட்டிய பெஞ்சு சுவர் ஓரமாக ஒட்டி நிற்கும் டிப்பர் ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் மற்றதற்குத் தெரியும்.

---

டவர்_மணி

அண்ணே, எல்லாம் சரி, ஆனா ஒரு கேள்வி. குவாரி டிப்பரை நொடிக்கு நொடி பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகுது? அவருக்கு வேண்டியது ட்ரிப் எண்ணிக்கையும் எங்க நின்னுச்சுங்கிறதும். ஒவ்வொரு லோடும் எடைமேடைக்கு வந்தே ஆகணும், அங்க சிக்னல் இருக்கும். எஃப்எம்பி920 சேமிச்சு வச்சு எடைமேடையில கொட்டட்டும். லோரா பெட்டி 24, கேட்வே 2, அதுக்கு ஒரு ஆள், எல்லாம் மிச்சம்.

---

அலைவரிசை_866

ட்ரிப் கணக்கு மட்டும்தான் என்றால் நீங்கள் சொல்வதே சரி, லோரா வேண்டாம். வெடி வைக்கும் நேரத்தில் பள்ளத்துக்குள் எந்த வண்டி இருக்கிறது என்று தெரியணும் என்றால் மட்டும் லைவ் வேண்டும். ஆனால் அதற்கும் இதை மட்டும் நம்பக் கூடாது. திரையில் வண்டி இல்லை என்பதற்கும் பள்ளத்தில் வண்டி இல்லை என்பதற்கும் நடுவே ஒரு பியூஸ் இருக்கிறது. ஆள் போய்ப் பார்த்து, சைரன் ஊதியே ஆகணும்.

---

நாமக்கல்_லோடு

எடைமேடைக்கிட்ட 2ஜி நல்லா எடுக்குது, அப்ப டிப்பர் எல்லாத்துக்கும் எஃப்எம்பி920 போட்டு மணி சொன்ன வழியிலேயே போறேன். ஜிடி06 பெட்டிகளைக் கழட்டிடலாம். கடைசியா ஒண்ணு: தவணை கட்டாத வண்டியை நிறுத்த ரிலே போடச் சொல்லி ஒரு பார்ட்னர் நச்சரிக்கிறார்.

---

பியூஸ்_கேரியர்

ஓடும்போது வெட்டும் ரிலேவைப் போடாதீர்கள். திம்பம் இறக்கத்தில் இன்ஜின் நின்றால் இன்ஜின் பிரேக் போச்சு, பவர் ஸ்டீயரிங் போச்சு, காற்று கம்ப்ரசரும் நின்றுவிடும். போட்டே ஆகணும் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் கட்டுப்பாட்டு வயரில் போடுங்கள், நின்ற வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது, ஓடுகிற வண்டியை அது தொடாது. 24 வோல்ட் காயில் ரிலே, 12 வோல்ட்டை மாட்டினால் ஒரு நாளில் சுட்டுப்போகும். இணைப்பு சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் முனையில் எடுக்கணும். அப்போதுதான் டிராக்கர் செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும்.